ஏக்லியின் சரிவில் குணேஸ்வரி கட்டிய வரம்பு

"நான் இனி இந்த மண்ணை மேல ஏத்த மாட்டன் எண்டு சொல்லு புள்ள," என்றார் குணேஸ்வரி அக்கா.

நான் அதை ஜெர்மனில் சொன்னேன். டிராக்டரில் இருந்த பண்ணைக்காரர் ஏக்லி எஞ்சினை நிறுத்தாமலே கேட்டார்: "ஏன், முதுகு வலிக்கிறதா?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் வலிக்குது."

அதையும் ஜெர்மனில் சொன்னேன். ஏக்லி எஞ்சினை நிறுத்தினார்.

"இந்த மண் போன வருசம் எங்க கிடந்தது எண்டு கேளு."

"மேலே," என்றார் ஏக்லி.

"இப்ப?"

"கீழே. அதனால்தானே மேலே கொண்டுபோகிறோம்."

"வாற வருசம்?"

ஏக்லி தோளைக் குலுக்கினார். "திரும்பக் கீழே வரும். திரும்ப ஏற்றுவோம். என் அப்பா குதிரை வண்டியில் ஏற்றினார். நான் டிராக்டரில் ஏற்றுகிறேன். முன்னேறித்தானே இருக்கிறோம்?"

"அவர்ட மகன் ஹெலிகொப்டரில ஏத்துவாரோ எண்டு கேளு."

நான் தயங்கினேன். "கேளு புள்ள," என்றார். கேட்டேன். ஏக்லி சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்படியென்றால் இவர் என்ன செய்வார்?"

"சரிவில கீழ்த் துண்டை என்னட்டத் தரட்டும். மண் அதைத் தாண்டிப் போகாது."

"போனால்?"

"போனா நானே அள்ளுறன். பால் கறக்கிறன், மாட்டுக் கொட்டில் கழுவுறன், எல்லாம் செய்யிறன். மண் ஏத்திறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாக்கட்டும்."

ஏக்லி சரிவைப் பார்த்தார், பிறகு அக்காவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். "ஒரு கோடை," என்றார். "ஒரே ஒரு கோடை."

இது நடந்தது 1987ஆம் ஆண்டு மார்ச் மாதம், சுவிட்சர்லாந்தில் ஊஸ்டருக்கு மேலே உள்ள குன்றுகளில் ஒன்றில். ஏக்லியின் பண்ணையில் 'ஹால்டெ' என்று அவர்கள் சொல்லும் சரிவு நிலம் ஒன்று இருந்தது. ஏக்லியின் தாத்தா காலத்தில் அது புல் நிலம். மாட்டுத் தீவனத்துக்காகச் சோளம் போடத் தொடங்கிய பிறகு, கோடை இடிமழை பெய்தபோதெல்லாம் மேல்மண் வழிந்து கீழே இருந்த பாதையோரம் சேர்ந்தது. வசந்தம் வந்ததும் அதை வண்டியில் அள்ளி உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அங்கே அது வெட்கப்படுகிற வேலை அல்ல. உழுவதும் விதைப்பதும் போல அதுவும் ஒரு பருவ வேலை.

குணேஸ்வரி அக்காவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மட்டக்களப்பில் செங்கலடிக்கு மேற்கே அவர்களுக்கு வயல் இருந்தது. அண்ணன்மார் இருவரும் வீட்டைவிட்டுப் போன பிறகு, வயலுக்குத் தண்ணீர் பார்க்கிற வேலையை இவரே எடுத்துக்கொண்டார். அது ஆண்கள் செய்கிற வேலை. பொம்பிளை தண்ணி பாக்கிற வயலில் நெல் விளையுமோ, வெட்கம் விளையுமோ என்று பக்கத்து வயல்காரர் கேட்டார்களாம். அந்தப் போகம் பக்கத்து வயல் கருகியது, இவருடையது விளைந்தது என்று கதை சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவுதான் விளைந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். "ஆனா நான் விட்டுக்குடுக்கல்ல" என்பார்.

அவருடைய கணவர் தியாகலிங்கம் ஊஸ்டரில் ஓர் உணவகத்தில் சட்டி கழுவினார். என் அப்பாவும் அங்கேதான் வேலை செய்தார். அந்தப் பழக்கத்தால்தான் சனிக்கிழமைகளில் நான் பண்ணைக்குப் போனேன். எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். ஏக்லிக்கும் அக்காவுக்கும் நடுவில் நிற்க ஒரு வாய் தேவைப்பட்டது.

தியாகலிங்கம் அண்ணை பயந்தார். அவர்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அக்கா வேலையை இழந்தால் இருவரையும் திரும்ப முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

"பெர்மிட் வரும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாதோ?" என்று ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார்.

"வாயை மூடினா பெர்மிட் வரும் எண்டா, உங்களுக்கு எப்பயோ வந்திருக்கோணும்," என்றார் அக்கா.

அண்ணை எழுந்துபோய்த் தேநீர் போட்டார். மூன்று கோப்பை.

ஏப்ரலில் அக்கா கீழ்த் துண்டில் வரம்பு கட்டினார். புல்லோடு மண்ணை வெட்டியெடுத்து, சரிவுக்குக் குறுக்கே அடுக்கி, மண்வெட்டியின் முதுகால் அடித்து இறுக்கினார். ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வரம்புகள். இடையில் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் போட்டார். மேலே ஏக்லியின் சோளம் வழக்கம்போல உச்சியிலிருந்து கீழ்நோக்கி நேர்நேராக வரிசை கட்டி நின்றது.

வயல் வரம்பில் தண்ணீர் போக வெட்டிவிடுகிற வாயை வக்கடை என்பார்கள். நட்டு முடிந்ததும் அதை அடைத்துவிடுவது ஊர் வழக்கம். தண்ணீர் நின்றால்தான் நெல். அக்காவின் கை அந்தப் பழக்கத்தில் போனது. ஹால்டெயில் வக்கடையே வைக்கவில்லை. நான்கு வரம்பையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மூடிக் கட்டினார். ஒரு பிடி மண்ணும் போகக்கூடாது என்பதுதான் அவருடைய நினைப்பு.

மே கடைசியில் இடிமழை வந்தது. அது களிமண் நிலம், தண்ணீரைக் குடிக்காது. மேல் வரம்பு நிரம்பி, உப்பி, உடைந்தது. அந்தத் தண்ணீர் மொத்தமாக இரண்டாவதில் மோதியது. பிறகு மூன்றாவது, நான்காவது. சோளம் மட்டும் இருந்த காலத்தில் சிறுசிறு ஓடைகளாக வழிந்தது, இப்போது ஒரே பாய்ச்சலாகப் பாதையைக் கடந்து, எதிரே இருந்த கெல்லர் அம்மாவின் முற்றத்தில் முழங்கால் அளவு சேறாக நின்றது. உருளைக்கிழங்குகளும் அதில் கிடந்தன.

மறுநாள் சனிக்கிழமை. நான் போனபோது கெல்லர் அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏக்லி, உன் சரிவில் நெல் பயிரிடுகிறீர்களாமே? எங்களுக்கு இன்னும் யானைதான் பாக்கி."

ஏக்லியின் முகம் சிவந்தது. என்னிடம் சொன்னார்: "வரம்பு போதும் என்று சொல். திங்கட்கிழமை உழுது சமமாக்குகிறேன்."

சொன்னேன். அக்கா கைவண்டியை எடுத்துக்கொண்டு கெல்லர் அம்மாவின் முற்றத்துக்குப் போனார். மத்தியானம் வரை சேற்றை அள்ளினார். நானும் ஒரு மண்வெட்டி எடுத்தேன். "நீ வாய்க்கு வந்த ஆள், கைக்கு இல்ல," என்று வாங்கி வைத்துவிட்டார். முற்றத்தைக் கழுவி முடித்த பிறகுதான் ஏக்லியிடம் வந்தார்.

"மண் ஓடினது என்ட பிழை. வாய் வைக்காமக் கட்டிப்போட்டன். அதுக்குத்தான் அள்ளினன். வரம்பு பிழையில்ல. அதை எடுக்க விடமாட்டன்."

"நிலம் என்னுடையது," என்றார் ஏக்லி.

"ஓம். ஒரு கோடை எண்டு சொன்னதும் அவர்தான். கோடை இன்னும் தொடங்கவே இல்ல. சுவிஸ்காரர் சொன்ன சொல்லு மேயிலேயே முடிஞ்சுபோகுமோ எண்டு கேளு."

இதை அப்படியே சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அப்படியேதான் சொன்னேன். ஏக்லி மாட்டுக் கொட்டிலைக் காட்டி, "பால் கறக்க நேரமாகிறது," என்றார். திங்கட்கிழமை கலப்பை வரவில்லை.

அடுத்த சிறு மழைக்கு அக்கா குடை இல்லாமல் ஹால்டெயில் நின்றார். தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வேகமெடுக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குச்சி குத்தினார். குச்சிகள் போன வழியே புதிய வரம்புகள் போயின. அவை நேராக இல்லை. வளைந்து, ஒன்று ஒரு பக்கமும் அடுத்தது மறுபக்கமுமாக மெல்லச் சாய்ந்து, இரு ஓரத்துப் புல் நிலத்தையும் நோக்கிப் போயின. ஒவ்வொன்றிலும் ஒரு வக்கடை. மேல் வரம்பின் வாய் இடப்பக்கம் என்றால் அடுத்ததன் வாய் வலப்பக்கம். வாய்களில் கல் பதித்தார். வேர் மண்ணைப் பிடிக்கட்டும் என்று வரம்பின் தலையில் க்ளோவர் புல் விதைத்தார்.

"குடிகாரன் கட்டியது போல இருக்கிறது," என்றார் ஏக்லி.

"தண்ணியும் நேரா நடக்கிறதில்ல எண்டு சொல்லு."

ஜூலையில் இரண்டு பெரிய மழை. இரண்டாவது மழை விடுவதற்குள் ஏக்லி மழைச்சட்டை போட்டுக்கொண்டு பாதையில் போய் நின்றார். எதிர்ப்பக்கம் கெல்லர் அம்மாவும் ஜன்னலில் நின்றார். தண்ணீர் வந்தது, கலங்கலாகத்தான் வந்தது. ஒரு வரம்பின் வாய் அரித்துக் கொஞ்சம் அகன்றும் போனது. ஆனால் பாதையில் மண் சேரவில்லை. மேலே சோளத்திலிருந்து வழிந்த மண் எல்லாம் முதல் வரம்பின் முதுகில் வந்து படுத்துவிட்டது.

அதை ஏக்லி காலால் தட்டிப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். "அது அவர்ட மண். என்ட துண்டில நிக்குது. வேணுமெண்டா வந்து எடுக்கட்டும். நான் ஏத்தித் தரமாட்டன்."

அன்று ஏக்லி சிரித்தார். ஆனால் வரம்பு நிற்கும் என்று சொல்லவில்லை. அந்தப் பாதை மூன்று பண்ணைகளுக்குப் பொது. மே மாதச் சேற்றை யாரும் மறக்கவில்லை. அறுவடை முடிந்ததும் எல்லாரும் வந்து பார்த்து ஒரு முடிவு சொல்வதாக, பால் கொடுக்கும் நிலையத்தில் பேசிக்கொண்டார்களாம். அவர்கள் வேண்டாம் என்றால் ஏக்லி உழுதுவிடுவார். அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொண்டு அங்கே யாரும் பண்ணை நடத்த முடியாது.

அந்த முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரம்பு நின்றது. அடுத்த மார்ச்சில் ஏக்லி சரிவின் நடுத்துண்டையும் அக்காவிடம் காட்டி, அங்கேயும் குச்சி குத்தச் சொன்னார். உச்சியில் மட்டும் பிடிவாதமாக நேர்வரிசைச் சோளம். கெல்லர் அம்மா கடைசிவரை சமாதானமாகவில்லை. அது அழகாக இல்லை என்றார். பெர்மிட் வர இன்னும் வெகுகாலம் எடுத்தது. அதற்கும் வரம்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆனால் அக்டோபரில் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக ஐந்தாறு பேர் பாதையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கெல்லர் அம்மா. ஏக்லி வேகமாக என்னிடம் வந்து மெல்லிய குரலில், "மே மாதத்தைப் பற்றி நாமாகப் பேச வேண்டாம். ஜூலையை மட்டும் சொல்லுங்கள். கேட்டால், அசாதாரண மழை என்று சொல்வோம்," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வரம்பு நிற்க வேண்டும் என்று அவர் விரும்பியது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தார். வருகிறவர்களைப் பார்த்தபடியே என் முழங்கையைப் பிடித்தார்.

"புள்ள, உன்னட்ட ஒண்டு கேக்கிறன். மே மாசம் உடைஞ்சதை முதல் சொல்லு. உடைஞ்சதும் நான் கட்டினதுதான் எண்டு சொல்லு. அதை ஒளிச்சா, நிண்டதை நான் கட்டினன் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டாங்க. மழையில பழியப் போடாத."