மாவுப் பெட்டிக்குப் பின்னால்

மர்லீன் பெட்டிக்ரூவின் அப்பா சீஸ் ஆலையில் பால் பரிசோதிப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணைக்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. கலக்காதவர் ஏன் கலக்கவில்லை என்பதையும் விசாரிப்பார். அந்தக் குடும்பத்தை யாரும் விருந்துக்கு அழைத்ததில்லை. அழைத்திருந்தாலும், எதற்கு அழைத்தார்கள் என்று யோசித்து முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப் போயிருக்கும்.

இந்தக் குணம் ஒரே மகளுக்குச் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது. க்ளென் என்ற சாதுவான மனிதரை ஏழு வருஷம் நிச்சயதார்த்தத்திலேயே நிறுத்திவைத்து, வேறு உள்நோக்கம் இல்லை என்று உறுதியான பிறகே கல்யாணம் செய்துகொண்டார். பதினான்கு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். எதிரே உள்ள சாலையைவிடக் கண்ணாடியில் தெரியும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தார். ஒரு விபத்தும் நடக்கவில்லை. ஒரு பிள்ளையும் நிம்மதியாகச் சூயிங்கம் மெல்லவில்லை.

பிறகுதான் ஹார்ட்வெல் கிராமத்துக்கு வேலைக்கு வந்தார்.

ஹார்ட்வெல்லில் எப்போதும் 1866. வாசலில் டிக்கெட் வாங்கும்வரை இந்த நூற்றாண்டு. மரப்பாலத்தைத் தாண்டினால் கனடா என்ற நாடே இன்னும் பிறக்கவில்லை, அடுத்த வருஷம்தான் பிறக்கும். ஐம்பதுகளில் அணை கட்டி ஆற்றை நிரப்பியபோது கரையோரத்து ஊர்கள் சில முழுகின. முழுகுவதற்கு முன்பு தூக்க முடிந்த பழைய வீடுகளைப் பெரிய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே நட்டார்கள். அந்த வீடுகளில் அன்றுவரை குடியிருந்தவர்களை வேறெங்கோ நட்டார்கள். வீடுகளுக்குள் அவர்களுக்குப் பதிலாக நாங்கள் இருக்கிறோம், சம்பளத்துக்கு. நான் செருப்புத் தைப்பவன். எதிர்வீட்டுச் சமையலறையில் பத்தொன்பது வருஷமாக மர்லீன், மிஸஸ் டாபின் என்ற பெயரில்.

விறகு அடுப்பில் ரொட்டி சுடுவதும், வருகிறவர்களுக்கு ஒரு துண்டு கொடுப்பதும், "மிஸ்டர் டாபின் மில்லுக்குப் போயிருக்கார், சாயங்காலம் வந்துடுவார்" என்று சொல்வதும் அவர் வேலை. எட்டாவது வருஷம் க்ளென் இறந்துபோனார். மர்லீன் மூன்று நாள் லீவு போட்டார். நான்காம் நாள் வந்து, மிஸ்டர் டாபின் சாயங்காலம் வந்துவிடுவார் என்று சொன்னார். அந்தச் சமையலறையை அவர் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

போன வருஷம் டாட் வந்தார். வணிக வளாகம் ஒன்றை நடத்தி வெற்றி பெற்றவர். இங்கே அவர் பதவி 'அனுபவ இயக்குநர்'. முதல் காலைக் கூட்டத்திலேயே அறிவித்தார்: இனி மர்ம விருந்தாளி வருவார். சாதாரணப் பார்வையாளர் மாதிரியே இருப்பார். யார் 1866ஐ விட்டு ஒரு வார்த்தை வெளியே வந்தாலும் குறித்துக்கொள்வார். பிடிபட்டவர் மறுநாள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் கொடி அசைக்கலாம்.

அறிவிப்பு முடிந்ததும் எல்லோரும் பயந்தார்கள். மர்லீன் மட்டும் தலையாட்டினார். உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒருவழியாக அரசாங்க முத்திரையோடு நிரூபணம் கிடைத்துவிட்டது.

அன்று மதியமே எனக்கு அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தார். "தனியா வருவான். படம் எடுக்க மாட்டான். பலகைல எழுதினத முழுசாப் படிப்பான். ரொட்டி குடுத்தா மோந்து பாப்பான். நீ வேணா பாரு."

"மோந்து பாக்கறவன் எல்லாம் ஒற்றனா, மர்லீன்?"

"நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற?" என்று கேட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை அவர் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், தனியாகத்தான் வந்தார். கேமரா இல்லை. வாசல் பலகையை இரண்டு முறை படித்து, தனக்குள் ஏதோ முனகினார். பிறகு வீட்டைச் சுற்றிவந்து அஸ்திவாரக் கல்லைக் காலால் தட்டிப் பார்த்தார். நான் என் ஜன்னலில் ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு, காற்றுக்காகத் திறந்திருந்த கதவுகளின் வழியே எதிர்வீட்டைக் கவனித்தேன். இப்படிப்பட்ட தருணத்தில் செருப்பு தைப்பது அயலாருக்கு அழகல்ல.

மர்லீன் ரொட்டித் துண்டை நீட்டினார். வந்தவர் மோந்து பார்த்தார்.

"கடைல வாங்கினதா?"

"கடையில ரொட்டி விக்கிறாங்களா, ஐயா? நல்ல வேடிக்கை. இப்பதான் அடுப்புல இருந்து எடுத்தேன்."

"இந்த அடுப்பு இங்க இல்லையே. அந்தப் பக்கச் சுவருல இல்ல இருந்துச்சு."

"என் வீட்டுக்காரர் இந்த வீட்டக் கட்டினதுல இருந்து இங்கதான் இருக்குங்க."

"உங்க வீட்டுக்காரர் கட்டினாரா? நான் பொறந்த வீடும்மா இது. என் பேரு எல்வுட் மார்க்கல். எனக்குப் பதிமூணு வயசுல எங்க கண்ணு முன்னாடி தூக்கிட்டுப் போனாங்க. இங்கதான் ஃப்ரிட்ஜ் இருந்துச்சு."

"அப்படின்னா என்னங்க, ஐயா?"

எல்வுட் மார்க்கல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர். மீட்டர் ஓடாமலிருக்க யார் காந்தம் ஒட்டியிருக்கிறார்கள் என்பதை வாசற்படியிலேயே கண்டுபிடிப்பாராம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

"உங்க மணிக்கட்டுல வாட்ச் கட்டின தடம் இருக்கே?"

"தீக்காயம்ங்க."

"ரவுண்டாவா?"

"அடுப்பு மூடி ரவுண்டுங்க, ஐயா."

இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் மரியாதையோடு சந்தேகித்துக்கொண்டார்கள். மர்லீனின் கணக்கு நேர்த்தியானது: இவன் ஒற்றன்; பிறந்த வீடு என்று சொன்னால் இரக்கப்பட்டு வாய் திறப்பேன் என்று பார்க்கிறான்; டாட் நல்ல நடிகனாகத்தான் பிடித்திருக்கிறார். எல்வுட்டின் கணக்கும் பிசகில்லை: வீட்டைத் திருடியவர்கள், காவலுக்குக் கல்லுளிமங்கியை வைத்திருக்கிறார்கள்.

எல்வுட்தான் முதலில் இறங்கிவந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"பாருங்கம்மா. நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். மளிகை வைக்கிற பேன்ட்ரி கதவு நிலையில எங்கம்மா வருஷா வருஷம் பென்சிலால கோடு போடுவாங்க, எனக்கும் என் தம்பி மெர்வினுக்கும். எவ்வளவு வளந்திருக்கோம்னு. அது இருக்கா, இல்லையா? பெயின்ட் அடிச்சிட்டீங்கன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் சண்டை போடல, போயிடறேன்."

கோடுகள் இருந்தன. அது மர்லீனுக்குத் தெரிந்த மாதிரி இந்த உலகில் வேறு யாருக்கும் தெரியாது. 1949 முதல் 1957 வரை, இரண்டு பெயர்கள், அங்குலக் கணக்கோடு. 1866இல் இப்படியொரு எழுத்து இருக்க வழியில்லை என்பதால் நிலைக்கு முன்னால் பெரிய மாவுப் பெட்டி ஒன்றைத் தள்ளி வைத்திருந்தார்கள். தினமும் காலையில், கதவு திறக்கும் முன், மர்லீன் பெட்டியை நகர்த்தி அந்த இடத்தை உலர்ந்த துணியால் தூசி தட்டுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பையனுங்க யாருன்னு தெரியல. நல்லா வளந்திருக்கானுங்க" என்றார்.

இப்போது அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சொன்னால் சமையலறை போகும். சொல்லாவிட்டால், ஒருவேளை இந்த ஆள் உண்மையாகவே எல்வுட்டாக இருந்தால்? அவர் மூளை அப்பாவின் பால்மானியைப்போல மேலும் கீழும் மிதந்தது. கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, இந்த மாவுப் பெட்டிக்கு அடியில கூட்டணும். கனமா இருக்கு. ஒரு கை குடுக்கறீங்களா?"

பெட்டி நகர்ந்தது. மர்லீன் உடனே அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் பார்க்காத ஒன்றுக்காக யாரும் அவர்மேல் குறிப்பெழுத முடியாது.

எல்வுட் குனிந்து ஒவ்வொரு கோடாகப் படித்தார். மூக்கு உறிஞ்சும் ஒலி ஒன்று கேட்டதாக மர்லீன் சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. அதன்பின் எல்வுட்டின் விரல் ஒரு கோட்டில் நின்றது.

"இது தப்பு."

"என்னங்க?"

"அம்பத்தஞ்சாம் வருஷம். மெர்வின் என்னவிட அரை அங்குலம் ஒசரமா? அவன் எனக்கு ஒரு வயசு இளையவன். சான்சே இல்ல. யாரோ அழிச்சு மாத்தி எழுதியிருக்கீங்க."

மர்லீன் திரும்பினார். அந்தக் கணத்தில் 1866 முடிந்தது.

"மாத்தி எழுதினேனா? பத்தொம்பது வருஷமா ஒரு தூசு படாம வச்சிருக்கேன். பெயின்ட்காரன் டப்பாவோட வந்தப்ப இந்த நிலையில குறுக்க நின்னேன், தெரியுமா? என் மேலயும் சேத்து அடிச்சிட்டுப் போடான்னேன். அம்பத்தஞ்சுல நீ குட்டையா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

எல்வுட் மறுபடி கோடுகளைப் பார்த்தார். "பத்தொம்பது வருஷமா?" என்றார் மெதுவாக. தொப்பியைப் போட்டுக்கொண்டு, ரொட்டித் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

மர்லீன் நேராக என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "முடிஞ்சுது. ரொட்டிய எடுத்துட்டுப் போறான் பாரு. அத்தாட்சிக்கு."

ஒன்பது நாள் எதுவும் நடக்கவில்லை. அது அவர் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. பத்தாம் நாள் காலைக் கூட்டத்தில் டாட் ஒரு கடிதத்தை முகமெல்லாம் பல்லாக வாசித்தார். எல்வுட் மார்க்கல் எழுதியது. உங்கள் சமையலறை அம்மாள் தங்கமானவர். முதலில் ஏதேதோ உளறினாலும், பிறகு அந்தப் பழங்கால வேஷத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மனுஷியாக என்னைத் திட்டினார். அறுபது வருஷத்தில் எங்கள் வீட்டைப் பற்றி என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவர்தான். அவருக்குச் சம்பளம் உயர்த்தவும்.

'வேஷத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு' என்ற இடம் வந்ததும் டாட்டின் பற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனாலும் நேர்மையான மனிதர், கடைசி வரி வரை வாசித்தார். கூட்டம் முடிந்ததும் மர்லீனுக்கு மஞ்சள் சட்டை கிடைத்தது. கொஞ்சம் பெரிய அளவு.

"நான் சொன்னேன்ல. அவன்தான் மர்ம விருந்தாளி. பாராட்டற மாதிரி போட்டுக் குடுத்துட்டான். பெரிய கில்லாடி" என்றார் மர்லீன். கார் நிறுத்துமிடத்தில் அவர் கொடி அசைத்த அழகைப் பற்றிப் புகார்கள் வந்தன. வண்டியை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டாராம், எல்லைச் சாவடியில்கூட இவ்வளவு கேட்பதில்லையாம்.

ஆகஸ்ட்டில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய வண்டி வந்து நின்றது; மர்லீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்வுட்டும், அவரைவிடச் சற்று உயரமான இன்னொரு கிழவரும் இறங்கினார்கள்.

"நீங்க ஏம்மா இங்க?" என்றார் எல்வுட். "நான் சமையலறைக்கில்ல இவனக் கூட்டிட்டு வந்தேன்? கோட்டக் காட்டணும்."

"நடிக்காதீங்க. உங்க கடுதாசிதான் என்னை இங்க கொண்டாந்து விட்டுச்சு. டாட் உங்களுக்கு எவ்வளவு குடுத்தாரு?"

எல்வுட்டுக்கு விஷயம் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. இடையில் கூட வந்த தம்பி மெர்வின்தான் பேசினார். "இவனா ஒற்றன்? அம்மா, சந்தேகப்பட இவனவிட நல்ல ஆள் கெடைக்காது, ஒத்துக்கறேன். ஆனா காசு குடுத்து எவன் வச்சுப்பான்? என் கல்யாணத்துல என் பொண்டாட்டிகிட்டயே அடையாள அட்டை கேட்டவன்."

"வாய மூடுடா" என்ற எல்வுட், மர்லீன் பக்கம் திரும்பினார். "இன்னொரு கடுதாசி எழுதிடறேன். எல்லாம் பொய்யினு..."

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பேனாவத் தொடாதீங்க."

மஞ்சள் சட்டையோடு மரப்பாலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மர்லீன் சட்டையைக் கழற்றிக் கொடிக் கம்பில் மாட்டினார். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பார்வையாளராக உள்ளே வந்தார். என் ஜன்னலைக் கடக்கும்போது, "நீயும் வா. சாட்சி வேணும்" என்றார்.

புதிய மிஸஸ் டாபின் டெஸ் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண். நாடகம் படித்தவள். மர்லீனைக் கண்டதும் அவள் முகத்தில் இரத்தம் வற்றியது. வேலை போனவர்களைத்தான் டாட் இப்போது மர்ம விருந்தாளிகளாக அனுப்புகிறார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கிளப்பியது யாரென்று தெரியாது, மர்லீனாக இருக்கலாம்.

"மாவுப் பெட்டிய நகத்தணும், பொண்ணே."

"எதுக்குங்க, அம்மா? அங்க சுவர்தான் இருக்கு" என்று டெஸ் இனிமையாக நடுங்கினாள்.

யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பெட்டியை நாங்கள் நான்கு பேரும் தள்ளினோம். மெர்வின் கண்ணாடி போட்டுக்கொண்டு, குனிந்து, 1955ஐப் படித்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை எல்வுட்டால் தாங்க முடியவில்லை.

"இப்ப நிப்போம். ரெண்டு பேரும். ஷூவக் கழட்டுடா, உன் குதிகால் மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

என்னிடம் மெர்வினின் ஷூ கொடுக்கப்பட்டது. குதிகால் முக்கால் அங்குலம் என்று சான்றளித்தேன். இரு கிழவர்களும் காலுறையோடு நிலையில் முதுகை ஒட்டி ஒருவர் முடிந்து ஒருவராக நின்றார்கள். மர்லீன் அவர்கள் தலைமேல் ரொட்டிப் பலகையைக் கிடையாக வைத்து, கண்ணைச் சுருக்கி, காலுறைக்குள் எதுவும் இல்லை என்பதையும் விரலால் அழுத்திச் சோதித்து, தீர்ப்பைச் சொன்னார். மெர்வின்தான் உயரம், அரை அங்குலம்.

"சரி. போடுங்க கோட்ட" என்றார் எல்வுட். "வருஷமும் எழுதுங்க. அம்மா இருந்தா போட்டிருப்பாங்க. பென்சில் இருக்கா யார்கிட்டயாவது?"

யாரிடமும் இல்லை. இந்த வீட்டில் புதிதாகக் கோடு போடுவது கார் நிறுத்துமிடத்தோடு நிற்கிற குற்றமும் இல்லை. அப்போது டெஸ் தன் ஏப்ரனுக்குள் கையை விட்டு, நுனியில் ரப்பர் வைத்த மஞ்சள் பென்சில் ஒன்றை எடுத்து ரொட்டிப் பலகைமேல் வைத்தாள். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மர்லீன் பென்சிலைப் பார்த்தார். பெண்ணின் முதுகைப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக யாரும் யாருக்கும் உதவி செய்வதில்லை என்பது அவர் அனுபவம். என் காதோரம் குனிந்து, "இவதான் அந்த மர்ம விருந்தாளியோ?" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்காமல், எல்வுட்டின் நரைத்த தலையைப் பலகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோட்டைப் போட்டார்.