வரிசையில் நின்ற மின்னஞ்சல்

அந்தப் பச்சை விளக்கு மினுங்கினால் ஏதோ வருகிறது என்று பொருள். கண்டியில் நான் வேலை பார்த்த சிறிய இணைய நிறுவனத்துக்குக் கொழும்பிலிருந்து இருந்த ஒரே வாடகை இணைப்பின் விளக்கு அது. வரும் மின்னஞ்சல்களில் பெரும்பகுதி குப்பை: மருந்து விளம்பரம், கடன் விளம்பரம், லொத்தர் பரிசு. யாரோ செலவில்லாமல் அனுப்புவார்கள். அதைச் சுமக்க நாங்கள் வாடகை கட்டுவோம். "குப்பையும் நம்மட டிக்கட்லதான் பஸ் ஏறுது, தங்கச்சி" என்பார் மனேஜர். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்காரர்; கோபத்தையும் பகிடியாகத்தான் சொல்வார்.

கொழும்பில் குண்டு வெடித்த அன்று அங்கே தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. என் கணவர் அங்கே வேலையில் இருந்தார். தமிழ் ஆண்களைப் பொலிஸார் பிடித்துப் போகிறார்கள் என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். பஸ்களும் ஓடவில்லை. கைக்குழந்தை பக்கத்து வீட்டில், நான் அலுவலகத்தில். அவரால் முடிந்தால் மின்னஞ்சல் போடுவார் என்று தெரியும். ஆனால் காலையிலிருந்தே குப்பை இணைப்பை அடைத்திருந்தது. நல்ல அஞ்சல்களும் அதன் பின்னால் கொழும்பில் வரிசையில் நின்றன.

"சேர், வரிசைய அப்பிடியே அழிச்சிருவோம். புதுசா வர்றதாவது ஓடும்" என்றார் டெக்னீஷியன். முன்பும் அப்படிச் செய்திருக்கிறோம்; குப்பையோடு நல்ல அஞ்சல்களும் போய்விடும். கவுண்டரில் நின்ற வாடிக்கையாளர், தேயிலைக் கம்பனிக்காரரும் விடவில்லை. "விலைக் கடிதம் இனித்தான் அனுப்புவாங்க, ஏலம் முடிஞ்ச பிறகா அது எனக்கு வரப்போகுது? நாங்க கொழும்பு இன்டர்நெட் கம்பனிக்கே போறோம்."

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்க வேண்டாம் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

"வாடகை கட்டின குப்பை. வந்து முடியட்டும்" என்றார்.

பின்னேரம்தான் அது வந்தது. 'அறைக்குள்தான் இருக்கிறன். வெளியில போகேல்லை. பிள்ளையைப் பார்.'

"குப்பை இல்லாத ஒண்டு வந்திரிச்சா?" என்று கேட்டார் மனேஜர்.

"ஓம் சேர்."

தேயிலைக் கம்பனி சொன்னபடியே போனது. பின்னால் வேறு சிலரும் போனார்கள். அகலமான இணைப்பு எடுக்க வழியில்லாமல் அடுத்த வருடம் அலுவலகத்தை மூடினார்கள். அந்த ஒரு நாள்தான் காரணமா, எப்படியும் குப்பை எங்களை மூடியிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன். மனேஜர் எனக்காகத்தான் பொறுத்தாரா என்று கேட்கவும் துணியவில்லை.

நாட்டில் சண்டை இன்னும் முடியவில்லை. கணவர் இன்னும் கொழும்பில்தான். இப்போது வீட்டிலேயே கணினி இருக்கிறது. இன்றும் அங்கிருந்து வரும் வானொலிச் செய்தி நல்லதாக இல்லை, அவருடைய அஞ்சலுக்குக் காத்திருக்கிறேன். மகள் கணினியின் மோடத்தில் மினுங்கும் பச்சை விளக்கைக் காட்டி, "அப்பாவா அம்மா?" என்கிறாள்.

"பொறு, பாப்பம்" என்கிறேன். குப்பைக்கும் அவருக்கும் அது ஒரே மாதிரித்தான் மினுங்குகிறது.