இடப்பக்கம் திரும்பச் சொல்லும் பலகை

ஹட்டன் டவுனில் நான் வேலை செய்யும் பிரிண்ட் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பெனரைத்தான் கேட்கிறார்கள். பூப்புனித நீராட்டு விழாவானாலும் சரி, கோயில் திருவிழாவானாலும் சரி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி விழவேண்டும், மூலையில் ரோஜா பூக்கவேண்டும், மாமா சித்தப்பா எல்லோருடைய முகமும் வட்டம் வட்டமாக வரிசை கட்டவேண்டும். உள்ளங்கையளவு இடம் வெறுமையாக விட்டால் தீர்ந்தது.

"இந்த எடம் சும்மாதானே கெடக்கு தங்கச்சி. ரெண்டு மயிலப் போட்டு விடுங்க."

வெற்றிடம்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு மூச்சுவிட வழி என்று போனில் நான் பார்த்துப் படித்த டிசைன் வகுப்பில் சொன்னார்கள். அந்த வகுப்பை பஸ்ஸில் நின்றுகொண்டும், மழை நாளில் படுத்துக்கொண்டும், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்து மதிலில் ஏறி உட்கார்ந்துகொண்டும் படித்து முடித்தேன். ஒன்றைப் பெரிதாக்கு, மற்றதைச் சிறிதாக்கு. எல்லாம் சேர்ந்து கத்தினால் எதுவும் காதில் விழாது. சேர்ந்த விசயங்களைச் சேர்த்து வை. பார்க்கிறவர் யார் என்று முதலில் கேள். இதையெல்லாம் படித்துவிட்டு நான் செய்தது மயில் ஒட்டுகிற வேலை. படித்தது ஒருமுறையாவது யாருக்காவது பயன்படவேண்டும் என்று எனக்குள் ஓர் ஆத்திரம் இருந்தது.

எங்கள் லயம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. பின்னால் இருக்கும் மலைச்சரிவு ஒரு பெருமழைக்குப் பிறகு வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். மழை பலத்தால் உடனே ஸ்கூலுக்குப் போய்விடுங்கள் என்றார்கள். மழை விட்டால் எங்கே போவது என்று கேட்டோம். இங்கேயே வாருங்கள் என்றார்கள். வேறு காணி பார்ப்பதாகவும் சொன்னார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

டவுனில் ஓர் அறை எடுத்து அம்மாவைக் கூட்டிப்போக நான் கேட்காத நாளில்லை. அம்மா கொழுந்து பறிக்கும்வரைதான் தோட்டம் கொடுத்த அந்தக் காம்பிரா வீடு எங்களுடையது. விட்டுப் போனால் போனதுதான். "அப்பா செத்தது இந்த வீட்டுல. நான் வரல. நீ வேணும்னா போ" என்பாள். அவளை அந்த வெடிப்புக்குக் கீழே விட்டுவிட்டு நான் எங்கே போவது? காலையில் பஸ் ஏறும்போது லயத்தைத் திரும்பிப் பார்ப்பேன். மாலையில் வளைவு திரும்பியதும், கூரை இருக்கிறதா என்று பார்ப்பேன். என் சுதந்திரம் அந்த இரண்டு பார்வைக்கு நடுவில் இருந்தது.

லயத்தின் முனையில் வழி இரண்டாகப் பிரியும். நேரே போனால் படிகள், ரோட்டுக்கு இறங்கும். தினமும் எல்லோரும் போகும் வழி அதுதான், ஆனால் வெடித்த சரிவின் நேர்கீழே போகிறது. இடப்பக்கம் திரும்பினால் தேயிலைக்குள்ளே ஓர் ஒற்றையடிப் பாதை, சுற்றிக்கொண்டு ஸ்கூலுக்கு ஏறும். அதுதான் பத்திரமான வழி. கடைசியாகப் பெருமழை வந்தபோது லயம் மொத்தமும் பழக்கதோசத்தில் படிகளில் இறங்கி ஓடியது. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் அவளைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது மேலே இருந்து கற்கள் உருண்டு வந்து எங்களுக்குப் பின்னால் விழுந்தன. அடுத்த தடவை நான் கடையில் இருப்பேன், அவள் மட்டும் அந்தப் படியில் இருப்பாள் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஆகவே அந்த வழிப்பிரிவில் ஒரு பலகை வைக்கவேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். எங்கள் மன்றத்தை நடத்தும் தோட்டத் தலைவர் ஒப்புக்கொண்டார். எப்படி இருக்கவேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

"மேல அம்மன் படம். அதுக்குக் கீழ நம்ம மன்றத்துப் பேரு. அப்புறம் கமிட்டி ஆளுங்க பேரு. கடைசியா இந்தப் பக்கம் போங்கன்னு போட்டுருங்க."

"தலைவரே, மழையில ஓடுறவங்க நின்னு ஒங்க பேர வாசிப்பாங்களா?"

"வாசிக்காட்டியும் இருக்கணும்மா. நாளைக்கு யாரு செஞ்சதுன்னு கேப்பாங்கல்ல."

இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பேர்களையெல்லாம் பலகையின் பின்பக்கத்தில் அடித்துத் தருவதாக உடன்பாடு. முன்பக்கம் முழுக்க ஒரே ஒரு பெரிய அம்பு, இடப்பக்கம் பார்த்து. சுற்றிலும் வெற்றிடம். மயில் இல்லை. மஞ்சள் தரையில் சிவப்பு அம்பு, ஏனென்றால் எச்சரிக்கைக்கு அதைவிடக் கண்ணில் அடிக்கிற சேர்க்கை இல்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நட்டு முடித்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தேன். தேயிலைப் பச்சைக்கு நடுவே அது பளிச்சென்று நின்றது. அவ்வளவு சந்தோசம் எனக்கு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது அம்பின் நுனியில் குங்குமப் பொட்டு இருந்தது. கம்பத்தில் வேப்பிலைக் கொத்து, கீழே ஒரு கல், கல்லின்மேல் கர்ப்பூரம் எரிந்த கரி, பக்கத்தில் நறுக்கிய தேசிக்காய்.

அடுத்த காம்பிரா அத்தையிடம் போய், என்ன இது என்று கேட்டேன்.

"மஞ்சளும் செவப்புமா அம்மன் நெறத்துல வந்து நிக்குது. மலை வேற பொளந்து கெடக்கு. கும்புடாம எப்படித் தாண்டிப் போறது?" என்றார்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும்முன் அதற்கென்று ஒரு சாமி கும்பிடுகிற ஜனம் நாங்கள். பார்க்கிறவர் யார் என்று முதலில் கேள் என்பதை நான் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்திருக்கிறேன். உலகத்துக்கே எச்சரிக்கையான நிறம் எங்கள் தோட்டத்தில் திருவிழா. அதற்குப் பிறகு, போகச் சொல்ல வைத்த பலகையின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். வெடிப்புக்கு நேர்கீழே நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு வழக்கம்போலப் படியில் இறங்கினார்கள். கொஞ்சம் தூறினால் போதும், இன்னும் நாலு பேர் கூடுதலாக வந்து மலையைத் தாங்கச் சொல்லி வேண்டினார்கள். பலகையைக் கழற்றப் போனேன். சாமியானதைக் கழற்ற யாரும் விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று அம்மாவோடும் சண்டை பிடித்தேன்.

அந்த மாதமே கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் இறந்துபோனார். நானும் அம்மாவும் போனோம். முன்பின் போகாத ஊர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. ரோட்டோரத்தில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது, ஏறினோம். பிரிவு வந்தது, கொடி இருந்த பக்கம் திரும்பினோம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, கோயில், இரண்டு லயம், எல்லாம் தாண்டிப் பேசிக்கொண்டே நடந்து சாவு வீட்டு வாசலில் போய் நின்றோம். நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டுக்குப் போகும் கொடியை இங்கே யாரும் வாசிப்பதில்லை, அதைப் பார்த்தால் கால் தானாகத் திரும்புகிறது. நான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த பலகை அதுதான்.

கடையில் வெட்டிப்போட்ட பிளெக்ஸ் துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கறுப்பு. மூடுபனியில் வெள்ளை மட்டும் என்றால் கரைந்துபோகும், கறுப்பும் சேர்ந்து படபடத்தால் தெரியும் என்று முடிவுசெய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் டவுனுக்குப் போயிருந்த நேரம், பிரிவிலிருந்து ஸ்கூல் வரைக்கும் தேயிலைக்குள்ளே கம்பு நட்டுக் கட்டிக்கொண்டே போனேன். ஒரு கொடிக்குப் பக்கத்தில் நின்றால் அடுத்தது தெரியவேண்டும். அது ஒன்றுதான் கணக்கு.

சாயங்காலம் லயமே திரண்டு வந்து நின்றது. அத்தை மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசலில் தெளித்தார். நான் ஏன் கட்டினேன் என்று சொல்லச் சொல்ல யாரும் கேட்கவில்லை.

அம்மா மட்டும் மெதுவாகப் பேசினாள். "உசுரோட இருக்கிற ஆளுங்களுக்கு சாவுக் கொடி கட்டியிருக்க. நல்லா இருக்கு. அந்த வழியில என் பொணந்தான் போகும், நான் போகமாட்டேன்."

அவிழ்க்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அவர்களே அவிழ்த்திருக்கலாம். ஆனால் ஆள் சாகாத வீட்டுக்குக் கட்டிய கொடியைத் தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கட்டினவள்தான் அவிழ்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியாகக் கொடிகள் நின்றன, என்னோடு பேசுவது நின்றது. பீலியில் நான் குடத்தோடு போனால் பேச்சு அடங்கிவிடும். லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும், அந்த ஒட்டுச் சுவர்களுக்கு நடுவே யாரும் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா சோறு போட்டு வைப்பாள், வாய் திறக்கமாட்டாள்.

மழை ஒரு வேலைநாளில் வந்தது. மத்தியானம் நான் கடையில் ஒரு கல்யாண பெனருக்கு அன்னம் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே டவுன் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. போன் எடுத்தேன், சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ரோட்டில் மண் விழுந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. நடக்கலாம் என்று கிளம்பினேன், பொலிஸ் மறித்துத் திருப்பி அனுப்பியது.

முதலாளி ஒரு துவாயைக் கொடுத்து, "இப்ப போக ஏலாது தங்கச்சி, கொஞ்சம் இருங்க" என்றார்.

இருந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒன்றையே நினைத்தேன். கொடி கட்டாமல் விட்டிருந்தால் யாராவது கையைப் பிடித்து இழுத்தாவது அம்மாவை ஸ்கூல் பக்கம் கொண்டுபோயிருப்பார்கள். இப்போது அவள் வீம்புக்கு அந்த வழியை விட்டுப் படியில் இறங்குவாள். நான் கட்டிய கொடியே அவளைக் கொன்றுவிடும். இதை நினைத்து, கடையில் ஆட்கள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அழுதேன்.

இருட்டும் நேரத்தில்தான் போன் அடித்தது. அத்தை. என்னோடு பேசாமலிருந்த அத்தை.

"படி மொத்தமும் போயிருச்சு புள்ள. அந்தச் சாமிப் பலகையும் போயிருச்சு. நாங்க எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம்."

"அம்மா?"

"இந்தா, சோறு வேணாங்குது. நீயே என்னான்னு கேளு."

அம்மா போனை வாங்கினாள். பிறகு சொன்னாள். "பனியில படி எங்க, வாசல் எங்கன்னு ஒண்ணும் தெரியல. கொடி மட்டும் தெரிஞ்சுச்சு. காலு அது பாட்டுக்குப் போயிருச்சு. எழவு வீட்டுக்குப் போற மாதிரியே எல்லாரும் வரிசையா வந்தோம். ஒப்பாரி வெக்காத கொறதான்."

மறுநாள் காலையில் நடந்தே போய்ச் சேர்ந்தேன். அம்மாவைக் கட்டிக்கொண்டேன், அவள் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். ஒருவர் உயிரும் போகவில்லை. சரிவில் பாதி இறங்கிப் படிகளை மூடிக் கிடந்தது. மீதிப் பாதி மேலேயே நின்றது, முன்பைவிட அகலமான வெடிப்போடு. லயத்துக்குச் சேதமில்லை. அதுதான் எங்களுக்கு வினையாகிப் போனது. வீடு இடிந்திருந்தால் வேறு இடம் கேட்கலாம், நிற்கிற வீட்டுக்கு என்ன கேட்பது? மழை விட்டு நாலைந்து நாள் போனதும் அதிகாரிகள் கவனமாக இருக்கச் சொன்னார்கள், தோட்டத்தில் வேலைக்குப் பெரட்டு வைத்தார்கள், ஸ்கூலைப் பிள்ளைகளுக்கு விடவேண்டி வந்தது. பாய் தலையணையோடு அதே கொடிகளைப் பிடித்துக்கொண்டு அதே காம்பிராக்களுக்கு இறங்கி வந்தோம். மிஞ்சியிருக்கிற ஒரே வழி இப்போது அதுதான்.

எல்லோரும் என்னோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் கொடி கட்டிய பெருமையில் மன்றத்துக்கும் பங்குண்டு என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் மனம் நோகக் கட்டியதை நானே அவிழ்த்துவிடலாம் என்று ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசல் இஸ்தோப்பிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னாத்துக்கு அவுக்குற?"

"ஒங்களுக்குத்தானே புடிக்கல."

"இப்பவும் புடிக்கல. வெட்டாத, இருக்கட்டும்."

கொடிகள் இப்போதும் இருக்கின்றன. கிழிந்ததை மாற்றக் கடையிலிருந்து துண்டு கொண்டுவருகிறேன், ஆட்களே கேட்டு வாங்கிக் கட்டுகிறார்கள். போன வாரம் கரண்ட் மீட்டர் வாசிக்கப் புதிதாக ஒரு பையன் வந்தான். கொடிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தவன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, யாரு தவறிட்டாங்க என்று அம்மாவிடம் கேட்டான்.

"யாரும் இல்லப்பா" என்றாள் அம்மா. "இன்னும் இல்ல."