சீட்டும் பின்பாட்டிலும்: நாமக்கல் – மல்லூர் தொண்ணூறு கிலோமீட்டர்

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒரே நாளில் முடிப்பது. என் மகள் நந்தினி பெயர் கொடுத்திருக்கும் போட்டி வெளியூரில், ரயிலில் போக வேண்டும். அதில் சைக்கிள் மட்டும் தொண்ணூறு கிலோமீட்டர். போன வருடம் எழுபதாவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்து, கால் பிடித்துக்கொண்டு, சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். இந்த வருடப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சொன்னாள்: “வர்ற ஞாயித்துக்கெழமை தொண்ணூறும் ஓட்டிப் பாக்கறேன்ப்பா. முடிஞ்சா போட்டிக்குப் போறேன். இல்லீன்னா சைக்கிள வித்தறலாம்.” கோபமாகச் சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

நான் பத்தாவது படித்தவன். இருபத்தாறு வருடமாக நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டர். பதினாறு டன் ஏற்றுகிற வண்டிக்கே போல்ட் போடுகிறவனுக்கு எட்டுக் கிலோ சைக்கிள் எம்மாத்திரம் என்ற நினைப்பில், சனிக்கிழமை மாலை வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

டிரையத்லான் சைக்கிளில் முழங்கையை முன்னால் ஊன்றிக் குனிந்தபடி ஓட்ட வேண்டும். அதனால் தண்ணீர் பாட்டில்களை சீட்டுக்குப் பின்னால் மாட்டுவார்கள். காற்றும் தடுக்காது, கையைப் பின்னால் விட்டு எடுக்கலாம். கடையில் வாங்கிய ஸ்டாண்டு எனக்கு லொடலொடவென்று தெரிந்தது. அலுமினியத் தகட்டை வெட்டி நானே ஒன்று செய்தேன். பாட்டில் நழுவாமல் இருக்கக் கூட்டுக்குள் லாரி டியூப் ரப்பரை ஒட்டினேன். ஆனால் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு கம்பியில், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புக்குப் பின்னால், என் தகடு பிடிக்க இடம் போதவில்லை. சீட்டை இரண்டு சென்டிமீட்டர் பின்னால் இழுத்தேன். இடம் கிடைத்தது. கம்பியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தேன். அது சீட்டு நிற்க வேண்டிய இடத்துக்கு அவள் நகப்பூச்சால் வைத்திருந்த அடையாளம் என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிறு அதிகாலை 5.20-க்குக் கிளம்பினோம். அவள் சைக்கிளில், நான் மொபெட்டில். நாமக்கல்லில் இருந்து சேலம் சாலையில் மல்லூர் தாண்டி 45 கிலோமீட்டர் போய்த் திரும்புவது திட்டம். வலது பக்கம் கொல்லிமலை முழுக்கக் கருப்பாக நின்றது. புதுச்சத்திரம் வருவதற்குள் அதன் முதுகில் வெளிச்சம் ஏறியது. நானூறு தடவை போன சாலை. லோடு வண்டியில் போகும்போது மலையை யார் பார்க்கிறார்கள்? மொபெட் வேகத்தில்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அதன் அடியில் என் பெண் ஒரு எறும்பு மாதிரி நிற்காமல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தபடி பார்த்ததில் பூச்சி ஒன்று உள்ளே போய்விட்டது.

சாலை பெயர்ந்திருந்த ஒரு இடத்தில் சைக்கிள் தடதடவென்று குதித்தது. பாட்டில் இரண்டும் அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் 24-வது கிலோமீட்டரில், ராசிபுரத்துக்குப் பிரிகிற ஆண்டகளூர்கேட் டீக்கடை முன்னால், அவள் நிறுத்தி இறங்கிவிட்டாள். மணி 6.15. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹேண்டிலையும் பெடலையும் எட்டிப்பிடிக்கிற மாதிரியே ஓட்ட வேண்டியிருக்கிறது, இடுப்பும் முட்டியும் கழன்றுவிடும்போல இருக்கிறது என்றாள். கொஞ்ச தூரம் போனால் பழகிவிடும் என்று நான் சொன்னேன். அவள் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து பெஞ்சில் கோழித்தீவன லாரி டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாட்டில்களையே பார்த்தவர், “ஏனுங்க, சைக்கிளுக்கு ரெட்டை சைலன்சருங்களா?” என்றார். பேச்சு வளர்ந்தது. என் தொழிலைச் சொன்னதும் எழுந்து தன் லாரிக் கதவைத் திறந்து காட்டினார். டிரைவர் சீட்டில் முதுகுக்கு ஒரு தலையணை, அதன் மேல் மடித்த போர்வை, எல்லாம் கயிற்றால் கட்டியிருந்தது.

“உங்காளுக கட்டுன சீட்டுங்க. பெடல் எட்டறதில்லீங்க. நாலு வருசமா தலகாணி வெச்சுத்தான் ஓட்றேன். சீட்டு வெக்கறதுக்கு முந்தி ஒருக்கா உக்காரச் சொல்லியிருந்தா முடிஞ்சுதுங்களே.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் சொன்னது நிஜம். எங்கள் பட்டறைக்கு லாரி வெறும் சட்டமாகத்தான் வரும். முதலில் லோடு ஏற்றும் பாடிக்கு அளவெடுப்போம். மிச்ச இடத்தில் கேபின். கேபினில் மிச்ச இடத்தில் சீட்டு. ஓட்டுகிறவன் எப்படியோ உட்கார்ந்துகொள்வான். இத்தனை வருடத்தில் ஒரு டிரைவரின் காலைக்கூட நான் அளந்ததில்லை. சனிக்கிழமை என் மகளுக்கும் அதையேதான் செய்திருக்கிறேன்: பாட்டிலுக்கு அளவெடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் அவளை உட்கார வைத்திருக்கிறேன்.

சீட்டை நகர்த்தியதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். முறைத்தாள், பிறகு சிரித்தாள். “லோடு நாந்தானுங்ளா?” என்றாள்.

ஆனால் பழைய இடம் எது? கம்பியில் சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறேன் என்றாள். அந்த அடையாளத்தைத்தான் நானே துடைத்துவிட்டேனே. சைக்கிளைக் கடைத் தூணில் சாய்த்து நான் பிடித்துக்கொண்டேன். போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, இறுக்கி, உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக் காலைப் பின்பக்கமாகச் சுற்றினாள். இன்னும் முன்னாடி. மறுபடி இறங்கி, நகர்த்தி, ஏறி. கொஞ்சூண்டு பின்னாடி. ஆறாவது தடவை, “இதாம்ப்பா” என்றாள். நான் குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கிளாம்ப் பல வருடமாகக் கடித்த தழும்பு கம்பியில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கிளாம்ப்பின் விளிம்பு அந்தத் தழும்பின் மேல் முடி பிசகாமல் நின்றது. அடிமட்டம் வைத்துப் பிழைக்கிறவன் நான். கண்ணை மூடிய பெண்ணின் உடம்பு மில்லிமீட்டர் அளக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது பின்னால் தகட்டுக்கு இடம் இல்லை. டிரைவர் தன் டூல்பாக்ஸில் இருந்து இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடும் அரமும் கொடுத்தார். தகட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் அறுத்து, அரம் போட்டு, மறுபடி மாட்டினேன். இந்த முறை பாட்டில்தான் ஒதுங்கிக்கொண்டது. லாரிக்கு முறுக்குகிற பழக்கத்தில் கை இன்னொரு சுற்றுப் போகப் பார்த்தது. நந்தினி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

7.05-க்கு மறுபடி கிளம்பினோம். அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போதமலையைத் தாண்டும்போது அவள் முதுகில் ஒரு டம்ளர் வைத்தால் தளும்பாது, அப்படி இருந்தது. கால் மட்டும் சுற்றியது. குனிந்தபடியே கை பின்னால் போகும், பாட்டில் வரும், போகும். மல்லூர் இறக்கத்தில் என் மொபெட் முள் 50-ஐத் தொட்டது, அவளைப் பிடிக்க முடியவில்லை. லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெற்றவன் நான்தான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சாலையில் யாரும் கிடைக்கவில்லை.

9.18-க்கு நாமக்கல் வந்தாயிற்று. இறங்கினாள், சைக்கிளை என் கையில் கொடுத்தாள், ஷூ மாற்றினாள், ஓட ஆரம்பித்துவிட்டாள். போட்டியில் சைக்கிளுக்கு அடுத்தது ஓட்டம்தானே. போன வருடம் இந்தக் கட்டம் வரைக்கும் அவளால் வரவே முடியவில்லை. ஆறு கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டுப் போனாள். நின்றபடியே போனில் இந்தக் குறிப்புகளை அடித்தேன்.

இந்தப் பக்கம் ஓட்ட நினைப்பவர்கள் ஆறு மணிக்கு முன் கிளம்புங்கள். எட்டரைக்கு மேல் வெயிலும் முட்டை வண்டிகளும் வந்துவிடும். மொபெட் பெட்ரோல் 210 ரூபாய், இரண்டு டீ 30. முதலில் சீட்டு, பிறகு பாட்டில், மாற்றிச் செய்யாதீர்கள். பழைய இடத்தை டேப் சுற்றி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பாட்டில் இருந்தால் காலைப் பின்பக்கம் வீசி ஏற முடியாது, சைக்கிளைச் சாய்த்து முன்பக்கமாகத் தாண்டுங்கள். நான் வீசிப் பார்த்தேன். வாசலில் விழுந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

முப்பத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். இடுப்பு எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சொன்னாள்:

“ரயிலுக்குச் சைக்கிள நானே கழட்டிப் பொட்டில வெச்சுக்கறேன்ப்பா. நீங்க தூக்கிட்டு மட்டும் வாங்க. சீட்டுப் பக்கம் வந்தறாதீங்க.”