கண்ணைக் கட்டிக்கொண்டு ஆசனம்

அரையிறுதிக் கால்பந்து ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது என் இடது பின்தொடையை யாரோ உள்ளேயிருந்து சுண்டி இழுத்ததுபோல் இருந்தது. ஃபேரர் பார்க் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஜெயித்துவிட்டோம். மற்ற பத்துப் பேரும் குதித்தார்கள். நான் உட்கார்ந்தபடியே கை தட்டினேன்.

எங்கள் கேப்டன்தான் கோல்கீப்பர். ரோடு போடும் இலாகாவில் ரோலர் ஓட்டுபவர். வந்ததும் வராததுமாக என் தொடையை ஓர் அமுக்கு அமுக்கினார். நான் போட்ட அலறலில் அவரே கையை எடுத்துவிட்டார்.

"கிராணி, ஃபைனலுக்கு மூணு வாரம் இருக்கு. ஓடுனா ஆடு. நொண்டுனா ஜெர்சி வேற ஆளுக்கு லா. கோவிச்சுக்காத."

கிராணி என்றால் குமாஸ்தா. அணியில் பேனா பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தார் ஊற்றுகிறவர்கள், கல் சுமக்கிறவர்கள், கால்வாய் வெட்டுகிறவர்கள். காலையில் அவர்கள் வேலைக்கு வந்தார்களா என்று பதிவேட்டில் குறி போடுவது என் வேலை. மாலையில் இடது ஓரத்தில் பந்தோடு ஓடும்போது மட்டும்தான் நான் அவர்களில் ஒருத்தன். "ஏய் கிராணி, இங்க குடுடா!" என்று அவர்கள் திட்டுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த ஜெர்சி போனால் வெறும் பதிவேடுதான் மிஞ்சும்.

சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்த புதிது. எதையும் முயன்றால் முடியும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் வேறு நான். எந்த வலிக்கும் ஏதாவது ஒரு புத்தகத்தில் மருந்து இருக்கும் என்று நம்பினேன். பிராஸ் பாசா ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த யோகாசனப் புத்தகம் ஒன்று தமிழிலேயே கிடைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தசைப்பிடிப்பு வராமல் காக்கும் என்று முன்னுரையில் போட்டிருந்தது. நான் மட்டும் பிழைத்தால் போதுமா? அணியில் முதுகு பிடிக்காதவன், முட்டி வீங்காதவன் யார்? மறுநாள் மாலையே எல்லோரையும் அவர்கள் குடியிருந்த லயன் வீடுகளுக்கு முன்னால் பாய் விரித்து உட்காரவைத்து, நின்றுகொண்டு உரக்கப் படித்தேன்.

"இரு கால்களையும் நீட்டி நிமிர்ந்து அமரவும். மூச்சை மெல்ல வெளிவிட்டுக்கொண்டே முன்னே குனியவும்..."

பத்துத் தலைகளும் குனிவதற்குப் பதில் பக்கத்துப் பாயைத்தான் பார்த்தன. அவன் கணுக்காலைத் தொட்டால் இவன் கட்டைவிரலைத் தொட வேண்டும். பின்வரிசை ஆட்டக்காரர்கள் ஒரு கட்சி, முன்வரிசை ஒரு கட்சி என்று தானாகவே பிரிந்துவிட்டார்கள்.

"கிராணி, யார் தலை கீழ இருக்கு? நல்லா பாத்துச் சொல்லு!"

"அண்ணே, போட்டி கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"எழுதுனவரு பந்து ஆடியிருக்க மாட்டாரு," என்றார் கேப்டன்.

குழாயடியில் பெண்கள் தண்ணீரை மறந்துவிட்டு நின்றார்கள். கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோன சென்டர்-ஹாஃப் அங்கேயே மாட்டிக்கொண்டார். இரண்டு பேர் சேர்ந்துதான் அவரைப் பிரித்தெடுத்தோம். ஆரம்பித்தபோது வலி இருந்தவர்கள் ஆறு பேர். மூன்றாம் நாள் ஒன்பது பேர்.

படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வெயிலுக்காகத் தலையில் கட்டும் துண்டை எடுத்து அவரவர் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். பார்த்தால்தானே போட்டி!

அன்றைக்குக் கடைசியில் பத்துப் பேரும் கண்கட்டோடு வரிசையாக மல்லாந்து கிடந்தபோது, தேக்கா மார்க்கெட்டிலிருந்து கூடையோடு வந்த கேப்டன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ தம்பி, ஒட்டுமொத்தமா முடிச்சிட்டீங்களா?"

"உசுரோடதான் இருக்கேன், போய் தேத்தண்ணி கலக்கு," என்றது கேப்டனின் துண்டு.

கண்ணைக் கட்டிய பிறகு போட்டி வாய்க்குப் போய்விட்டது. "நெத்தி முழங்காலத் தொட்டாச்சு!" என்பார் ஒருவர். "நான் அதைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு," என்பார் அடுத்தவர். கேப்டனின் தலைக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு பந்தையே உருட்டிவிடலாம். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வார்: "மூக்கு தரையில இடிக்குது லா!" நான் சிரிப்பை விழுங்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் படிப்பேன். அவரவர் இஷ்டத்துக்குப் பொய் சொல்லிக்கொண்டு, உடம்பு கேட்ட அளவுக்கு மட்டும் குனிந்தார்கள். பத்தே நாளில் சென்டர்-ஹாஃப் கையூன்றாமல் லாரியில் ஏறினார். கேப்டன் முனகாமல் பூட்ஸ் கயிறு கட்டினார்.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

"இப்ப நீ ஓடிக் காட்டு," என்றார் கேப்டன்.

ஓடினேன். பன்னிரண்டாவது எட்டில் தொடை சுண்டியது.

"என்னடா இது? நீ செய்யலையா?"

"நான்... படிச்சுக்கிட்டிருந்தேனே அண்ணே."

உண்மையாகவே எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை. பத்துப் பேரும் புல்லில் விழுந்து புரண்டார்கள்.

"பஸ் ஓட்டுனவன் மட்டும் வீடு போய்ச் சேரலடா!"

எனக்கு அழுகை முட்டியது. எனக்காகப் படிக்க அங்கே வேறு யாருக்கும் எழுத்துத் தெரியாது.

"புத்தகத்தக் கீழ வை. உக்காரு," என்றார் கேப்டன். தார் நாறும் தன் துண்டால் என் கண்ணைக் கட்டினார். தொண்டையைச் செருமினார், நான் செருமுவதைப் போலவே. பிறகு என் பள்ளிக்கூடக் குரலிலேயே ஆரம்பித்தார்.

"இரு கால்களையும் நீட்டி நிமிர்ந்து அமரவும். மூச்சை மெல்ல வெளிவிட்டுக்கொண்டே முன்னே குனியவும். படம் ஒன்பதைப் பார்க்கவும்."

"இல்லண்ணே, படத்துக்கு முன்னால 'அவசரம் கூடாது' வரும்," என்று சென்டர்-ஹாஃப் திருத்தினார்.

ஒரு பக்கம் விடாமல் அவர்களுக்கு மனப்பாடம். சிரிப்பில் என் மூச்சு முழுக்க வெளியே போய்விட, நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"எவ்வளவு போச்சு கிராணி?"

"முழங்காலத் தொட்டுட்டேன்!"

ஊளையிட்டார்கள். "எங்க தொட்ட? ஒரு முழம் இருக்கு! பொய்யி!" சட்டென்று சத்தம் நின்றது. கேப்டனின் குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"அப்ப... நாங்க சொன்னப்பல்லாம் நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"நான் புத்தகத்தத்தான் பாத்தேன் அண்ணே. வேற ஒண்ணும் பாக்கல."

அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏழு நாளும், காலையில் வேலைக்கு முன்னால் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஆள் மாற்றி ஆள் எனக்குச் சொன்னார்கள். ஆறாம் நாள் திடலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்ல ஓடினேன். கேப்டன் ஜெர்சியை என் தோளில் போட்டார். ஆனால் முழு வேகத்தில் ஓடிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இறுதி ஆட்டத்தில் அதற்கு வேளை வந்தது. இடது ஓரத்தில் பந்து காலில் விழுந்தது, முன்னால் வெறும் புல். ஓடினேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எட்டுகளை எண்ணினேன். ஒன்றும் சுண்டவில்லை. பதின்மூன்று! எதிரணிப் பின்வரிசை ஆளைத் தாண்டினேன். இருபது! "குடுடா கிராணி, உள்ள குடுடா!" என்று பத்துத் தொண்டைகள் கிழிந்தன. எனக்குக் காலைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. நானும் கோட்டைத் தாண்டி, வேடிக்கை பார்க்கிறவர்களைத் தாண்டி, கச்சான் கடலை விற்பவரின் கூடையைச் சுற்றிக்கொண்டு, விசில் ஊதிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தேன்.