புகைபோக்கியில் திணித்த சாக்கு

பச்சைக் குழந்தைக்கு எது கெடுதல், மார்கழிக் குளிரா, மூடிய அறையில் கனலும் கரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்தும் நல்ல கம்பளி கிடைக்கவில்லை. அதனால் நேற்று மாலை மாமியார் என் பிரசவக் கட்டிலடியில் கணப்புச் சட்டியை வைத்து ஜன்னலைச் சாத்தினார். அந்தக் கரி வாசனையில் பூலாம்பாடி வீட்டின் பிரசவ அறை கண்முன் வந்தது. அப்போது நான் சிறுமி. சித்திக்கு இரண்டு பெண்களுக்குப் பிறகு ஆண் குழந்தை பிறந்திருந்தது. வாடைக்காற்று புகாமலிருக்க அத்தை கட்டிலடியில் கரிக் கணப்பை மூட்டி, கதவைச் சாத்தி, புகைபோக்கியில் பழைய சாக்கைத் திணித்தாள்.

"தலை சுத்துதுக்கா. கதவையாவது தொறங்க," என்றாள் சித்தி.

"புள்ள பெத்தவளுக்குத் தல சுத்தாம என்ன செய்யும்? ஒங்கப்பன் வூட்டுல காத்தக் குடிச்சா வளந்த?" என்றாள் அத்தை. கூடத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

விடிந்தபோது சித்திக்கு மூச்சிருந்தது, குழந்தைக்கு இல்லை. தூக்கத்தில் புரண்டு பிள்ளையை நசுக்கிவிட்டாள் என்றாள் அத்தை. சித்தியும் அதை நம்பினாள். அத்தை சாக்கை உருவி, உதறி, நெல் அள்ள எடுத்துப் போனாள்.

நான் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். குழந்தை தும்முகிறாள்; மாமியார் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் செய்வது சரிதானா? பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? அனுபவமுள்ள சகோதரிகள் எழுதுங்கள்.