அத்தானின் நீலக் கோடு

ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமான அந்தப் பென்சில் இப்போது என் மேசையில் கிடக்கிறது. நீல முனைதான் தேய்ந்து கட்டையாகியிருக்கிறது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் மிஷ்னாவை ஆராய்ந்தவர். பண்டைய யூத குருமாரின் தீர்ப்புகளைத் தொகுத்த சட்டநூல் அது. யாழ்ப்பாணத்துச் சைவருக்கு இது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவரோ மெத்ரோ ரயிலில் வரும்போதுகூட அந்தப் பக்கங்களை மடியில் விரித்துவைத்திருப்பார். ஒரே தீர்ப்பு வேறொரு பழைய தொகுப்பிலும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுவார். ஒன்றில் மட்டும் ஒரு விளக்கம் கூடுதலாக இருந்தால் அதை ஆராய்வார். ஐயம் தீர்ந்ததும் நீலக் கோடு விழும். "இது பேந்து சேர்த்தது, பிறகு வந்த ஆரோ எழுதினது" என்பார், புதையல் எடுத்தவரைப் போல. அவர் முன்னால் பழங்கதை சொல்லவே எங்களுக்குப் பயம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பழங்கதை இருந்தது. பெரியண்ணை யாரையும் கேட்காமல் பாரிஸில் கல்யாணம் செய்துகொண்டவர். அப்பா சாகும்போது, "பெரியவன் வரேல்லையோ? வந்தாலும் உள்ளை விடாதேங்கோ" என்றாராம். ஒவ்வொரு திவசத்திலும் அம்மா அதைச் சொல்லி அழுவார். கேள்விப்பட்ட அண்ணை இந்தப் பக்கமே வரவில்லை.

ஒரு திவசத்தன்று, மொன்றியலை அடுத்த லவாலில் எங்கள் வீட்டில் படையல் முடிந்ததும், அத்தான் ரொறொன்ரோவில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சின்னம்மாவும் அப்பாவின் கட்டிலருகே நின்றவர். எங்கள் திவசங்களுக்கு ஒருமுறையும் வராததால் அம்மா சொல்லும் கதையைக் கேட்டிராதவர்.

"மாமா கடைசியாய் என்ன சொன்னவர்?"

"பெரியவன் வரேல்லையோ எண்டு கேட்டவர். அதோடை கண்ணை மூடிட்டார்."

'உள்ளை விடாதேங்கோ' அதில் இல்லை. அத்தான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மாமி, நான் படிக்கிற புத்தகத்திலையும் இப்பிடித்தான். சேர்த்த ஆக்கள் பொய்க்காரர் இல்லை. விளங்காத ஒண்டுக்குக் காரணம் தேடினவை."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அவர் கோவத்திலை கேக்கிறார் எண்டுதான் நான் நினைச்சனான்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "பாரிஸிலை இப்ப என்ன நேரம்? போனை இஞ்சை தா" என்றார். அம்மா அண்ணையோடு பேசி அழுதுகொண்டிருக்க, அத்தான் நைசாகக் குசினிக்குப் போய் வடை சாப்பிட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

போன மாதம் அத்தானின் முதல் திவசம். அண்ணை பாரிஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாட்டு நேரம், கண் கலங்க எல்லோருக்கும் சொன்னார்: "அண்டைக்கு மச்சான்தான் போனை வாங்கி, 'நீ வராட்டி நான் இந்த வீட்டிலை சாப்பிடமாட்டன்' எண்டவர்."

பென்சிலைக் கையில் எடுத்து நீல முனையைத் தடவிப் பார்க்கிறேன். பேந்து சேர்த்ததுதான், அத்தான். இருக்கட்டும்.